விசென்ட்டே என்று கூப்பிட்டார்கள்: ஃப்ளோரெஸ்தான் ஃபெர்னாந்தெஸ் என்ற பேராசிரியர், மக்கள் பிரதிநிதி

பிரேசிலில் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்த ஒருவருடைய வாழ்க்கையை விரிவாகச் சொல்லுங்கள், எல்லோரும் சொல்கிற ஃபெர்னாண்டோ என்ரிக் கார்டோசோ மட்டும் வேண்டாம், அப்படியே எதைப் படிக்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். கார்டோசோ சமூகவியல் பேராசிரியர். 1995 தொடக்கத்திலிருந்து எட்டு ஆண்டுகள் நாட்டின் அதிபராக இருந்தவர். சரி, அவரை விட்டுவிடுவோம். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் ஃப்ளோரெஸ்தான் ஃபெர்னாந்தெஸ். 66 வயதில்தான் தேர்தலில் நின்றார் என்பதால், வகுப்பறையில் ஒரு வாழ்க்கை, நாடாளுமன்றத்தில் இன்னொரு வாழ்க்கை என்று இரண்டாகப் பிரித்துத்தான் பலரும் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாருக்கு எந்த இடம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று ஆறு வயதில் அவருக்குள் எழுந்த ஒரு கேள்வியைத்தான் கடைசிவரை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

1920 ஜூலை 22 அன்று சாவோ பாவுலோ நகரில் பிறந்தார். அம்மா மரியா, போர்ச்சுகல் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர். அப்பா யாரென்று பையனுக்குத் தெரியாது. பிரெசெர் என்ற வசதியான குடும்பத்தில் அம்மா வீட்டுவேலை செய்தார். அந்த வீட்டு எஜமானியே குழந்தைக்கு ஞானத்தாயும் ஆனார். ஆனால் ஃப்ளோரெஸ்தான் என்ற பெயர் வேலைக்காரியின் மகனுக்குப் பொருந்தாது என்று அந்த வீட்டில் நினைத்தார்கள். அதனால் விசென்ட்டே என்று கூப்பிட்டார்கள். பெற்றவள் ஆசையாக வைத்த பெயரை, அது உன் தகுதிக்கு மேல் என்று சொல்லி மாற்றிக் கூப்பிடுகிற வீட்டில் ஒரு குழந்தை வளர்வதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பின்னாளில் அவர் எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெயர்தான் ஞாபகம் வரும்.

அதே ஞானத்தாயின் வீட்டில்தான் புத்தகங்கள் எப்படி இருக்கும், படித்தவர்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படி உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்பதையும் அவர் பார்த்தார். அப்புறம் ஒரு பெரிய வீட்டை அறை அறையாகத் தடுத்து ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் ஒண்டுக்குடித்தனங்களில் அம்மாவோடு வாழ்ந்தார். இரண்டு உலகங்களையும் அந்தச் சின்ன வயதிலேயே உள்ளிருந்து பார்த்துவிட்டார்.

ஆறு வயதில் வேலைக்குப் போனார். முடிவெட்டும் கடையில் வாடிக்கையாளர்களின் சட்டையில் ஒட்டிய முடியைத் தட்டிவிடுவது முதல் வேலை. பிறகு ஷூவுக்கு பாலிஷ் போட்டார். கசாப்புக் கடையிலும் தையல் கடையிலும் எடுபிடியாக இருந்தார். தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தன்னுடைய சமூகவியல் படிப்பு ஆறு வயதில், பெரியவனைப் போலச் சம்பாதிக்க வேண்டி வந்த நாளில் தொடங்கியது என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். அதை அவர் அலங்காரத்துக்காக எழுதவில்லை. யாருக்கு யார் வழிவிடுகிறார்கள், யாரை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையெல்லாம் ஷூ பாலிஷ் போட்டபடி கீழே உட்கார்ந்து பார்த்த பையன் அவர்.

வாழ்க்கை திரும்பியது ஒரு மதுக்கடையில். நகர மையத்தில் லிபெரோ பதரோ தெருவில் பார் பிடு என்ற கடையில் பரிமாறுபவராக வேலை. கூட்டம் இல்லாத நேரத்தில் ஏதாவது படித்துக்கொண்டே இருப்பார். கடைக்கு வந்த படித்தவர்கள் அதைக் கவனித்துப் பேச்சுக் கொடுத்தார்கள். சிலர் புத்தகம் கொடுத்தார்கள். பக்கத்திலிருந்த ரியாச்சுவேலோ என்ற பள்ளியில் மாலை வகுப்பு நடந்தது. முறையாகப் படிக்க முடியாமல் போனவர்கள் குறைந்த காலத்தில் தேர்வெழுதித் தேறுவதற்கான வகுப்பு. 17 வயதில் அதில் சேர்ந்தார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. படித்துவிட்டால் மகன் தன்னைப் பார்த்து வெட்கப்படுவான் என்ற பயம் அவருக்கு. எனக்கு அந்த அம்மாமீது கோபம் வரவில்லை. மகனின் பெயரையே மாற்றிக் கூப்பிட்ட உலகத்தில் வேலை பார்த்தவருக்கு வேறு எந்த பயம் வரும்?

1941இல் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வேதியியல் பொறியியல் படிக்க ஆசை. அது முழுநாள் படிப்பு, வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. சமூக அறிவியல் வகுப்புகள் பகுதி நேரம்தான் என்பதால் அதை எடுத்தார். பல்கலைக்கழகம் 1934இல்தான் தொடங்கியிருந்தது. பேராசிரியர்கள் பலர் பிரான்சிலிருந்து வந்தவர்கள், பாடமும் பிரெஞ்சில்தான். அவரால் பிரெஞ்சு படிக்க முடியும், பேச வராது. நுழைவுத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் போர்த்துகீசிய மொழியில் பதில் சொல்ல அனுமதி கேட்டு வாங்கினார். படித்த நாட்களில் மருந்துக் கம்பெனிக்கு விற்பனைப் பிரதிநிதியாக ஊர் சுற்றினார். எந்த வேலையையும் குறைத்துக்கொள்ளாமல் 1943இல் பட்டம் வாங்கினார்.

அவருடைய முதல் ஆய்வு எதைப் பற்றி என்று பாருங்கள். பொம் ரெட்டீரோ என்பது சாவோ பாவுலோவில் அப்போது தொழிற்சாலைகளும் இத்தாலிய, யூதக் குடியேறிகளும் நிறைந்திருந்த பேட்டை. அங்கே தெருவில் விளையாடும் சிறுவர் கூட்டங்களைப் போய்ப் பார்த்து எழுதினார். யார் தலைவன், புதிதாக வந்தவனை எப்படிச் சேர்க்கிறார்கள், எந்தப் பாட்டைப் பாடுகிறார்கள், பெண் குழந்தைகள் தனியாக என்ன விளையாடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பெரியவர்கள் கற்றுக்கொடுக்காத எத்தனையோ விஷயங்களை, நல்லதையும் கெட்டதையும், குழந்தைகள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று காட்டினார். அதற்கு முன்னால் பிரேசிலில் குழந்தைகளை இப்படி யாரும் பொருட்படுத்திப் பார்த்ததில்லை என்றே சொல்லலாம். தெருவில் வளர்ந்தவர் தெருவுக்கே திரும்பிப் போய் எழுதியது அது.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது பிரேசில் கடற்கரையில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த துப்பினாம்பா என்ற பழங்குடி மக்களை. நேரில் போய்ப் பார்க்க முடியாத காலத்தவர்கள். அவர்களிடம் சிறைப்பட்டிருந்த ஹான்ஸ் ஸ்டாடன் என்ற ஜெர்மானியர், ஜான் டி லெரி என்ற பிரெஞ்சுக்காரர் என்று அந்தக் காலத்தில் அங்கே போய்வந்தவர்கள் எழுதிவைத்ததையெல்லாம் வரிவரியாக ஒப்பிட்டு, ஒன்றோடொன்று முரண்படும் இடங்களைச் சலித்து, ஒரு முழுச் சமூகத்தையே கட்டியெழுப்பினார். 1947இல் அவர்களின் சமூக அமைப்பு பற்றி முதுகலை ஆய்வேடு, 1951இல் அவர்களின் போர் பற்றி முனைவர் ஆய்வேடு. கைதியைக் கொன்று உண்ணும் சடங்கை ஐரோப்பியர்கள் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அது இறந்த மூதாதையருக்குச் செய்ய வேண்டிய கடன் என்றும், அந்தச் சமூகத்தின் மதத்தையும் அந்தஸ்தையும் தாங்கி நின்றது என்றும் இவர் விளக்கினார். இதற்கு நடுவில், 1946இல் மார்க்ஸின் ஒரு நூலைப் போர்த்துகீசியத்தில் மொழிபெயர்த்து நீண்ட முன்னுரையும் எழுதினார். அந்த நாட்களில், ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கியின் வழியைப் பின்பற்றிய சிறிய அமைப்பு ஒன்றிலும் இருந்தார். அரசியல் அவருக்கு வயதான காலத்தில் வந்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கிற பகுதி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, இனப்பகை இல்லாமல் மக்கள் எப்படிச் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு பிரேசில் நல்ல உதாரணம் என்ற எண்ணம் உலகத்தில் பரவலாக இருந்தது. பிரேசில்காரர்களே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அதனால் யுனெஸ்கோ 1950களின் தொடக்கத்தில் அங்கே ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. சாவோ பாவுலோவில் அதை நடத்தியவர்கள் ரோஜே பாஸ்தீத் என்ற பிரெஞ்சுப் பேராசிரியரும் அவருடைய மாணவரான ஃப்ளோரெஸ்தானும். இவர்கள் நூலகத்தில் உட்காரவில்லை. கறுப்பின இயக்கங்களில் உழைத்த மூத்தவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து, கூட்டம் கூட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். துணி வெளுப்பவர்களும் வீட்டுவேலை செய்பவர்களும் வந்து தங்கள் வாழ்க்கையைச் சொன்னார்கள். அந்த அரங்கில் பேராசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார், அவர்கள் பேசினார்கள்.

கிடைத்த முடிவு, எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. 1888 மே 13 அன்று அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு துண்டு நிலம் கிடையாது, இழப்பீடு கிடையாது, பள்ளி கிடையாது. அதே சமயம் காப்பித் தோட்டங்களுக்கு ஐரோப்பாவிலிருந்து ஆட்களை வரவழைக்க சாவோ பாவுலோ அரசு கப்பல் கட்டணமே கொடுத்தது. ஆக, கறுப்பின மக்கள் விடுதலையான அன்றே கூலிச் சந்தையில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். பிறகு, அவர்கள் முன்னேறாததற்கு அவர்களே காரணம் என்று சொல்லப்பட்டது. இதையெல்லாம் அடுக்கடுக்காக எழுதி, இனச் சமத்துவம் நிலவும் நாடு என்பது ஒரு கட்டுக்கதை என்று நிறுவினார். 1964இல் பேராசிரியர் இருக்கைக்காக அவர் அளித்த ஆய்வேடு இதுதான். பிரேசில்காரர்களுக்கு நிறபேதம் பார்ப்பதில் கூச்சம் இல்லை, பார்ப்பதை ஒப்புக்கொள்வதில்தான் கூச்சம் என்ற பொருளில் அவர் சொன்னதை இன்றும் அந்த நாட்டில் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்த வழியில்தான் அவருடைய மாணவர்களான கார்டோசோவும் ஒக்தாவியோ இயானியும் தெற்குப் பகுதியில் இனப் பிரச்சினையை ஆராயப் போனார்கள்.

இதற்கிடையில் இன்னொரு சண்டை. 1959 வாக்கில் நாட்டின் கல்விச் சட்டம் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது பெற்றோரின் சுதந்திரம் என்று சொல்லி, தனியார் பள்ளிகளுக்கும் பொதுப்பணம் போக வழி செய்யும் திருத்தம் வந்தது. அப்போது 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். எழுத்தறிவு இல்லாதவருக்கு ஓட்டும் இல்லை. அரசுப் பள்ளி இல்லையென்றால் ஏழைக்கு ஓட்டும் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். ஃப்ளோரெஸ்தான் பொதுப்பள்ளியைக் காக்கும் இயக்கத்தில் இறங்கி, ஊர் ஊராகப் போய் தொழிற்சங்கங்களிலும் மன்றங்களிலும் பேசினார். 1961இல் சட்டம் நிறைவேறியது, தனியாருக்கு வழி திறந்தபடியேதான். அவர் தோற்றார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பல்கலைக்கழக மதிலுக்கு வெளியே பேசக் கற்றுக்கொண்டார்.

1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கல்லூரிக்குள் விசாரணை நடத்த ராணுவ அதிகாரி வந்தார். ஆசிரியர்களை இப்படி விசாரிப்பதைக் கண்டித்து ஒரு கடிதம் எழுதி அவர் கையிலேயே கொடுத்தார் ஃப்ளோரெஸ்தான். அதற்காகச் சில நாட்கள் சிறை. 1968 டிசம்பரில் ஐந்தாம் நிறுவனச் சட்டம் என்ற கொடுமையான ஆணை வந்தது. அதை வைத்து 1969 ஏப்ரலில் அவருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். வயது 48. சில நாட்களில் கார்டோசோ, இயானி உட்பட இன்னும் பலரையும் வெளியேற்றினார்கள். ஒரு தலைமுறை ஆசிரியர்கள் போனார்கள்.

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகம் வேலை கொடுத்தது. நல்ல பதவி, நல்ல சம்பளம். இருந்தும் 1972இல் அவராகவே திரும்பிவந்தார், சர்வாதிகாரம் உச்சத்தில் இருந்த போது. திரும்பியவருக்கு வகுப்பறை இல்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதினார். 1975இல் வந்தது பிரேசிலில் முதலாளித்துவப் புரட்சி பற்றிய அவருடைய பெரிய நூல். அதன் சாரத்தை எளிதாகச் சொன்னால் இப்படி: ஐரோப்பாவில் முதலாளித்துவம் வளர்ந்தபோது கூடவே மக்களாட்சியும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது என்பார்கள். பிரேசிலில் அப்படி நடக்கவில்லை. பழைய நிலப்பிரபுக்களும் புதிய தொழிலதிபர்களும் மோதிக்கொள்ளாமல் கைகோத்துக்கொண்டார்கள், வெளிநாட்டு மூலதனத்துக்குக் கீழே இருக்கவும் ஒப்புக்கொண்டார்கள், கீழேயிருந்து வரும் கோரிக்கை எதுவானாலும் அடக்கினார்கள். அதனால் சர்வாதிகாரம் அங்கே விபத்து அல்ல, அந்த வளர்ச்சி முறையின் இயல்பான முகம். ராணுவ ஆட்சி நடக்கும்போதே, அந்த நாட்டிலேயே இருந்துகொண்டு இதை எழுதி வெளியிட்டார். 1970களின் கடைசியில் சாவோ பாவுலோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அவரை வகுப்பெடுக்க அழைத்துக்கொண்டது.

1985இல் ராணுவ ஆட்சி போயிற்று. அதே ஆண்டு எழுத்தறிவு இல்லாதவர்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1986 நவம்பரில் நடந்தது புதிய அரசியல் சாசனத்தை எழுதப்போகும் நாடாளுமன்றத்துக்கான தேர்தல். தொழிற்சங்கத் தலைவராக இருந்து பின்னாளில் அதிபரான லூலாவின் தொழிலாளர் கட்சி அவரை நிற்கக் கேட்டது. பலத்தின் கருத்துகளுக்கு எதிராகக் கருத்துகளின் பலம் என்பது அவருடைய தேர்தல் முழக்கம். ஐம்பதாயிரம் ஓட்டுகள் போல வாங்கி ஜெயித்தார். 559 பேர் கொண்ட அவையில் அவர் கட்சிக்கு 16 பேர்தான்.

கல்விக்கான துணைக்குழுவில் உட்கார்ந்து கால் நூற்றாண்டுக்கு முந்தைய அதே சண்டையைத் திரும்பத் தொடங்கினார்: பொதுப்பணம் பொதுப்பள்ளிக்கு மட்டும். இந்த முறையும் முழுதாக ஜெயிக்கவில்லை. மதச் சார்புள்ள பள்ளிகளும் அறக்கட்டளைப் பள்ளிகளும் நிபந்தனையோடு பொதுப்பணம் பெறலாம் என்று 213ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அரசுப் பள்ளிகளில் கல்வி இலவசம் என்பதும், மத்திய அரசு வரி வருவாயில் 18 சதவீதத்துக்கும் மாநிலங்கள் 25 சதவீதத்துக்கும் குறையாமல் கல்விக்குச் செலவழிக்க வேண்டும் என்பதும் சாசனத்தில் ஏறின. அவர் கொண்டுவந்த ஒரு சிறிய திருத்தம் இருக்கிறது, 218ஆம் பிரிவின் ஐந்தாவது பத்தி. மாநிலங்கள் தங்கள் வருவாயில் ஒரு பங்கைக் கல்வி, அறிவியல் ஆராய்ச்சிக்கான பொது நிறுவனங்களுக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது அது. படிக்க ஒன்றரை வரிதான். பல மாநிலங்களில் ஆராய்ச்சி நிதி நிறுவனங்கள் நிலையாக நிற்க அந்த ஒன்றரை வரி வழிசெய்தது. இன்று பிரேசிலின் ஏதோ ஒரு மாநிலத்தில் உதவித்தொகை வாங்கி ஆய்வு செய்யும் மாணவருக்கு இது தெரியாமலே இருக்கலாம்.

1988 அக்டோபர் 5 அன்று சாசனம் நடைமுறைக்கு வந்தது. 1990இல் மறுபடியும் ஜெயித்து, 1995 தொடக்கம் வரை உறுப்பினராக இருந்தார். இந்த ஆண்டுகளில் ஃபோல்யா டி சாவோ பாவுலோ நாளிதழில் தொடர்ந்து எழுதினார். சொந்தக் கட்சியைக் கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டித்தார். புதிய கல்விச் சட்டத்துக்காக உழைத்தார். அது 1996 டிசம்பரில், அவர் இறந்த பிறகு, தாரசி ரிபெய்ரோ என்ற இன்னொரு பேராசிரியர்-செனட்டரின் வடிவத்தில் நிறைவேறியது.

அவருடைய சாவைப் பற்றி எழுதக் கஷ்டமாக இருக்கிறது. 1970களில் மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தின் வழியாக ஹெபடைடிஸ் தொற்றி, கல்லீரல் மெல்ல மெல்லக் கெட்டது. 1995இல் மாற்று அறுவைச் சிகிச்சை தேவைப்பட்ட நேரத்தில், நாட்டின் அதிபர் அவருடைய பழைய மாணவர் கார்டோசோ. வெளிநாட்டில் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதாக மாணவர் சொல்லியும் ஆசிரியர் ஏற்கவில்லை. மற்றவர்களுக்குக் கிடைக்காதது தனக்கு மட்டும் வேண்டாம் என்று உள்ளூர்ப் பொது மருத்துவமனையிலேயே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். சில நாட்களில் டயாலிசிஸ் செய்யும்போது நேர்ந்த தவறால் ரத்தத்தில் காற்றுக் குமிழி புகுந்து, 1995 ஆகஸ்ட் 10 அன்று இறந்தார். வயது 75. அரசியலில் இருவரும் எதிரெதிர் அணி. ஆனாலும் கார்டோசோ கடைசிவரை அவரைத் தன் ஆசிரியர் என்றே சொல்லிவந்தார்.

சாவோ பாவுலோவுக்குப் பக்கத்தில் குவாரரேமா என்ற ஊரில் நிலமில்லாத விவசாயிகளுக்கு நிலம் கேட்டுப் போராடும் நிலமற்ற தொழிலாளர் இயக்கம் ஒரு பள்ளி கட்டியிருக்கிறது. பல மாநிலங்களிலிருந்து விவசாயிகள் முறைவைத்து வந்து தங்கி, அந்த இடத்து மண்ணையே சிமெண்டோடு பிசைந்து கல் அறுத்து, கூலி வாங்காமல் சுவர் எழுப்பினார்கள். செபாஸ்தியாவோ சால்காதோ என்ற பிரேசில் புகைப்படக் கலைஞர் தன் புகைப்படங்களை விற்று வந்த பணத்தை அதற்குக் கொடுத்தார். 2005 ஜனவரியில் திறந்த அந்தப் பள்ளிக்கு ஃப்ளோரெஸ்தான் ஃபெர்னாந்தெஸ் தேசியப் பள்ளி என்று பெயர். பள்ளிக்குப் போக முடியாமல் வளர்ந்தவர்கள் பலர் அங்கே வந்து படிக்கிறார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். 1975ஆம் ஆண்டு நூலில் தொடங்காதீர்கள், நடை மிகவும் கனமானது, முதல் ஐம்பது பக்கத்திலேயே பலர் மூடிவைத்துவிடுகிறார்கள். போர்த்துகீசியம் தெரிந்தால் பொம் ரெட்டீரோ குழந்தைகள் பற்றிய ஆய்விலிருந்து தொடங்குங்கள். தெரியாவிட்டால், கறுப்பின மக்கள் பற்றிய 1964ஆம் ஆண்டு நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1969இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டிருக்கிறது, பழைய நூலகங்களில் தேடினால் கிடைக்கும். அட்டவணைகளை முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். நடுநடுவே கறுப்பினத் தொழிலாளர்கள் தங்கள் வாயால் சொன்ன பகுதிகள் வரும். அவற்றை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.